ஒற்றையாள் ஓடம்

மனிதன் தனித்திருக்கப் பிறந்தவனா, கூடியிருக்கப் பிறந்தவனா என்னும் வினா மிகத் தொன்மையானது. தனிமரம் தோப்பாகாது என்று சொல்லியே நம்மை வளர்த்தனர் நம் முன்னோர். அதே முன்னோர், மலைக்குகையிலும் ஆற்றங்கரையிலும் தனித்திருந்து உண்மை தேடியவர்களுக்கு ஊர் நடுவே கோயில் எடுத்து வணங்கவும் செய்தனர். கூட்டத்தை விட்டு விலகுவோனைக் குறை கூறுவதும், விலகிச் சென்று ஒளி பெற்று மீண்டவனைக் கும்பிடுவதும் ஒரே சமுதாயத்தின் இரு செயல்கள். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சமுதாயத்தின் தேவையே இல்லாதவன் விலங்காக இருத்தல் வேண்டும். அன்றேல் தெய்வமாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தைத் தம் அரசியல் நூலில் உரைத்தார். விலங்கும் அல்லாத, தெய்வமும் அல்லாத நம்மைப் போன்ற எளிய மக்கள், நாளில் இரண்டொரு நாழிகை மட்டும் தனித்திருக்க விரும்பினால் அது தகுமா? அந்த நேரம் நமக்கே உரியதா, அல்லது பிறரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டதா? இதுவே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

பெரிய வினாவைச் சிறிய பொருளொன்றில் பொருத்திப் பார்த்தால் தெளிவு பிறக்கும். ஆகவே நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், ஓர் ஓடம். அதிகாலை வேளையில், அலையற்ற ஆற்றில், ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிற்றோடத்தைத் தாமே செலுத்திச் செல்லும் செயல். இதைப் பொழுதுபோக்காகச் செய்வோர் உண்டு. பிழைப்பாகச் செய்வோரும் உண்டு. இருவருமே தனியர். ஆனால் இருவர் தனிமையும் ஒன்றாகுமா என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆறும் பொழுதும்

கேரளத்தின் 44 ஆறுகளுள் 41 மேற்கு நோக்கிப் பாய்பவை. அவற்றுள் தமிழ் மக்கள் பெரிதும் அறிந்தது பம்பை. சபரிமலைக்குச் செல்லும் அடியார்கள் முழுகி எழும் ஆறு அது. பீர்மேட்டு மலைப்பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 176 கிலோமீட்டர் ஓடி, வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. அதன் கரையையும் அண்மையையும் சார்ந்த திருவாறன்விளை, திருச்செங்குன்றூர், திருவண்வண்டூர் ஆகிய தலங்களை நம்மாழ்வார் தமிழால் பாடியுள்ளார். மலையில் பாறைதோறும் மோதிக் குதித்து வரும் அந்த ஆறு, குட்டநாட்டுச் சமவெளியை அடைந்ததும் வேறோர் ஆறாகிவிடுகிறது. கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்த வயல்களில் நெல் விளையும் நாடு அது. வயல் தாழ்ந்தும், வாய்க்கால் உயர்ந்தும், இடையே வரப்பின்மேல் வீடு நின்றும் காட்சி தரும். நம் ஊர்களில் வாயிற்படி இறங்கினால் தெரு வருவதுபோல அங்கே வாயிற்படி இறங்கினால் தண்ணீர் வரும். சாலைகளும் பாலங்களும் பெருகிவிட்ட இந்நாளிலும், சிறு வள்ளங்கள் பல வீடுகளின் படித்துறையில் கட்டிக்கிடக்கின்றன.

அந்நாட்டின் விடியற்காலை தனிச்சிறப்புடையது. பகலில் நிலம் சூடேறிய பின்னரே கடற்காற்று எழும். அதுவரை நீர்ப்பரப்பில் சுருக்கம் விழுவதில்லை. இரவெல்லாம் குளிர்ந்த காற்று, வெப்பம் இன்னும் தணியாத நீரின்மேல் படிவதால் மெல்லிய மூடுபனி தவழும். அவ்வேளையில் ஒலி வெகுதொலைவு செல்லும். நீரையொட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்குமேல் வெம்மையான காற்றும் அமைந்திருப்பதால், மேலெழும் ஒலி கீழ்நோக்கி வளைந்து நீர்மேலேயே பரவுகிறது. அக்கரையில் ஒருத்தி பாத்திரம் துலக்கும் ஓசையும், ஒரு முதியவரின் இருமலும், கோயில் மணியும் அருகிலிருந்து கேட்பதுபோல் கேட்கும். இதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தனிமை என்பது ஒலியின்மை அன்று. கூட்டத்தின் நடுவே நமக்குக் கேளாத பிறர் குரல், தனித்திருக்கையில்தான் கேட்கிறது.

அந்த நீரில் யார் யார் செல்கின்றனர்? இரவில் இட்ட வலையை எடுக்கச் செல்பவர் ஒருவர். காயலில் மூழ்கிக் கறுப்புச் சிப்பி வாரச் செல்பவர் ஒருவர். மாட்டுக்குப் புல் அறுத்து ஓடம் நிறைய ஏற்றிவரும் பெண் ஒருத்தி. இவர்களோடு, நகரத்து அலுவலகப் பணியிலிருந்து சில நாள் விடுப்பெடுத்து வந்து, கண்ணாடி நாரிழையால் ஆன புதுவகை ஓடத்தில் அமைதி தேடிச் செல்பவரும் ஒருவர். நால்வர் கையிலும் துடுப்பு ஒன்றே. நால்வர் முன்னும் விரியும் மூடுபனியும் ஒன்றே.

ஒற்றைத் துடுப்பின் நெறி

கேரளத்தின் ஓடம் என்றதும் பலர் நினைவுக்கு வருவது சுண்டன் வள்ளம் எனப்படும் பாம்புப் படகு. 1952ஆம் ஆண்டு பிரதமர் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது அவரைச் சிறப்பிக்க நடந்த படகுப் போட்டியே, பின்னர் அவர் பெயரால் அமைந்த வெள்ளிக் கோப்பைப் போட்டியாக வளர்ந்தது. அயினி மரத்தால் செய்த அந்நெடிய படகில் நூறு பேருக்கு மேல் அமர்ந்து, வஞ்சிப்பாட்டின் தாளத்திற்கேற்ப ஒரே வீச்சாகத் துடுப்பு வலிப்பர். அங்கே வலப்புறத்தார் வலிமையை இடப்புறத்தார் வலிமை ஈடுசெய்யும். ஒருவர் சிறிது தளர்ந்தாலும் பிறர் வேகம் அவரைத் தாங்கிச் செல்லும். பின்புறம் நிற்கும் சுக்கான் துடுப்பாளர் திசையைப் பார்த்துக்கொள்வர். கூட்டு வாழ்வின் பெருமை அனைத்தும் அதில் உண்டு. அதன் மறைவிடமும் உண்டு. நூறு பேர் நடுவே எவர் வலித்தார், எவர் வலிப்பதுபோல் காட்டினார் என்று கரையில் நிற்போருக்குத் தெரியாது. சில வேளைகளில் அவருக்கே தெரியாது.

ஒற்றையாள் ஓடத்தில் இம்மறைவு இல்லை. துடுப்பை வலப்புறம் இட்டு வலித்தால் ஓடத்தின் முகப்பு இடப்புறமாகத் திரும்பும். இன்னும் வலிமையாக வலித்தால் இன்னும் அதிகமாகத் திரும்பும். புதிதாகப் பழகுவோர் இதைக் கண்டு திகைத்து, துடுப்பை வலமும் இடமுமாக மாற்றி மாற்றிப் போட்டு, நீரைக் கலக்கி, ஓடத்தை அரவம்போல் வளைந்து நெளிய விடுவர். தேர்ந்தவர் அவ்வாறு செய்வதில்லை. ஒரே புறத்தில் வலித்துக்கொண்டே, ஒவ்வொரு வீச்சும் முடியும் தறுவாயில் துடுப்பின் அலகைச் சிறிதே திருப்பி நீரை வெளிப்புறமாகத் தள்ளுவர். முன்செலுத்தும் வீச்சிலேயே நேர்ப்படுத்தும் திருப்பமும் அடங்கிவிடும். ஓடம் நூல் பிடித்தாற்போல் செல்லும்.

இதில் அறவாழ்வுக்குரிய உண்மை ஒன்று உண்டு. நம்மை வழி தவறச் செய்வது நம் குறை மட்டுமன்று. பல வேளைகளில் நம் வலிமையே நம்மைத் திருப்பிவிடுகிறது. நேர்மையில் உறுதியானவர் கடுமையில் போய் நிற்கிறார். அன்பில் மிக்கவர் நடுவுநிலைமையை இழக்கிறார். உழைப்பில் சிறந்தவர் தம் வீட்டாருக்கு அயலாராகிறார். கூட்டமாக இருக்கையில் இச்சாய்வைப் பிறர் ஈடுசெய்துவிடுவதால் நாம் அதை அறிவதே இல்லை. 'என் இயல்பு இது. மற்றவர் பார்த்துக்கொள்வர்' என்று வாழ்ந்துவிடுகிறோம். தனித்திருக்கும்போதுதான் நம் வலிமை எப்பக்கம் சாய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் திருத்த வேண்டிய இடமும் தெரிகிறது. ஆண்டு முடிவில் வருந்திப் பயனில்லை. ஒவ்வொரு செயலின் முடிவிலும் அச்செயலுக்குள்ளேயே திருத்தம் அமைய வேண்டும்.

மற்றொன்றும் கருதத் தக்கது. நீர் எவ்வளவு வேகத்தில் செல்கிறதோ அவ்வளவு வேகத்தில் மட்டும் மிதந்து செல்லும் ஓடத்திற்குச் சுக்கான் பயன்படாது. சுக்கானை எப்பக்கம் திருப்பினும் அதன்மேல் மோத நீரோட்டம் இராது. நீரைவிட விரைந்து சென்றாலும், நீரைவிட மெல்லச் சென்றாலும்தான் ஓடம் சொற்படி கேட்கும். உலகம் செல்லும் வேகத்திலேயே தானும் செல்பவனுக்குத் திசை தேர்ந்துகொள்ளும் ஆற்றல் இல்லை என்பதே இதன் பொருள். அவன் தன்னை உரிமையுடையவன் என்றே எண்ணிக்கொண்டிருப்பான். ஏனெனில் அவனைச் சுற்றியுள்ள எல்லாம் அவனோடு சேர்ந்தே நகர்கின்றன. நாளில் சிறிது நேரமேனும் கூட்டத்தின் வேகத்திலிருந்து மாறுபட்டு நிற்பது ஆடம்பரம் அன்று. தன் வாழ்வைத் தானே செலுத்துவதற்குரிய முதற்படி அது.

மூன்று ஓடங்கள்

சிந்தனையாளர் பலர் வாழ்வை ஓடத்தோடு ஒப்பிட்டுள்ளனர். நம் வினாவுக்கு உதவும் மூன்றனை மட்டும் இங்கே நோக்குவோம்.

முதலாவது, கணியன் பூங்குன்றனார் காட்டும் தெப்பம். எல்லா ஊரையும் தம் ஊராகக் கண்ட அப்புலவர், புறநானூற்றின் 192ஆம் பாடலில், மழைவெள்ளம் பெருகிய பேராற்றில் செல்லும் தெப்பத்தைப் போன்றது உயிரின் பயணம் என்கிறார். இதை மட்டும் பிரித்தெடுத்து, 'எல்லாம் விதிப்படி. நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று பொருள் கொள்வோர் உண்டு. ஆனால் அப்பாட்டு அங்கே முடியவில்லை. ஆகவே பெரியோரைக் கண்டு வியத்தலும் இல்லை. சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதே அவர் எய்தும் முடிவு. வெள்ளம் எவரை எங்கே சேர்க்கும் என்பதை எவரும் அறியார். ஆகையால் கரையேறி நிற்பவன் தன்னை மெச்சிக்கொள்வதற்கும், சுழியில் அகப்பட்டவனை எள்ளுவதற்கும் உரிமை இல்லை. விதியைப் பேசத் தொடங்கிச் சமத்துவத்தில் வந்து நிற்கிறார் அவர். பிழைப்புக்காக ஓடம் செலுத்துபவரும் பொழுதுபோக்காகச் செலுத்துபவரும் அருகருகே கடந்து செல்லும்போது நினைக்க வேண்டியது இதுவே. இருவரையும் இருவேறு ஓடங்களில் அமர்த்தியதில் அவரவர் தகுதிக்கு உள்ள பங்கு சிறிது. வெள்ளத்திற்கு உள்ள பங்கு பெரிது.

இரண்டாவது, திருநாவுக்கரசர் காட்டும் தோணி. திருவொற்றியூர்ப் பதிகமொன்றில் அவர் மனத்தைத் தோணியாகவும், அறிவை ஊன்றுகோலாகவும், வெகுளியை அதில் ஏற்றிய சரக்காகவும், காமத்தை மோதிக் கவிழ்க்கும் பாறையாகவும் உருவகம் செய்கிறார். கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டும் அக்கல்லே தெப்பமாகக் கரை சேர்ந்தவர் என்று போற்றப்படும் அடியார் அவர். பாரத்தின் இயல்பை அவரைவிட அறிந்தவர் யார்? தனித்துச் செல்லும் ஓடத்தில் ஏற்றும் பொருளுக்கு அளவு உண்டு. வீட்டிலும் அலுவலகத்திலும் பட்ட சினத்தையெல்லாம் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு, 'அமைதி தேடி வந்தேன்' என்பவன் கரையை விட்டு நீங்கினானே தவிரச் சுமையை விட்டு நீங்கவில்லை. தனிமை தானாகவே எவரையும் தூய்மைப்படுத்துவதில்லை. சிலர் உள்ளத்தில் பகையை வளர்க்கும் நாற்றங்காலாகவும் அது அமைந்துவிடுகிறது.

மூன்றாவது, சீன ஞானி சுவாங் சூ பெயரால் வழங்கும் நூலில் வரும் வெற்றோடம். ஒருவன் ஆற்றைக் கடக்கையில் ஆளில்லாத ஓடமொன்று மிதந்து வந்து மோதினால் அவன் சினம் கொள்வதில்லை. அவ்வோடத்தில் ஓர் ஆள் இருந்தாலோ, கூவுகிறான், மறுபடியும் கூவுகிறான், பின்னர் வைகிறான். மோதல் ஒன்றே, ஆள் உண்டு என்னும் எண்ணமே சினத்தை எழுப்புகிறது. உலகில் தன்னை வெற்றோடமாக்கிக்கொண்டு செல்பவனுக்குத் தீங்கு செய்வார் இல்லை என்பது அக்கதை தரும் பாடம். குட்டநாட்டு வாய்க்கால்களில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்து வந்து ஓடத்தை மறிப்பது வழக்கம். எவரும் அவற்றை வைவதில்லை. துடுப்பால் ஒதுக்கிவிட்டுச் செல்வர். நாள்தோறும் நம்மேல் வந்து மோதும் சொற்களுள் பெரும்பாலானவையும் அத்தகையவையே. அவற்றுக்குள் நம்மைக் குறிவைத்த ஆள் எவரும் இல்லை. களைப்பும் பசியும் கவலையும் தாம் மிதந்து வந்து மோதுகின்றன.

ஆயினும் இப்பாடத்திற்கும் எல்லை உண்டு. அதே ஆகாயத்தாமரை ஏன் அவ்வளவு பெருகியது? நெல்வயல்களுக்குள் உப்புநீர் புகாதிருக்கும்பொருட்டு 1970களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை அமைந்தது. கோடையில் அதன் மதகுகள் அடைக்கப்படும். நெல்லுக்கு அது நன்மை செய்தது. ஆனால் உப்புநீர் வந்துபோதல் தடைபட்டதால் களைகள் செழித்தன. மீனும் சிப்பியும் குறைந்தன. அவற்றை நம்பி வாழ்ந்தோர் வருவாயும் குறைந்தது. சிப்பி வாரும் ஏழையை நோக்கி, 'வெற்றோடம் மோதியது என்று எண்ணிப் பொறுத்துக்கொள்' என்று சொல்லல் தகுமா? தகாது. அங்கே மனிதர் எடுத்த முடிவு உண்டு; அதற்குப் பொறுப்பும் உண்டு. நமக்கு நேரும் சிறு மோதல்களை வெற்றோடமாகக் கருதுவது ஞானம். பிறருக்கு நேரும் பெருங்கேட்டையும் அவ்வாறே கருதிவிட்டு நம் வழியே செல்வது ஞானம் அன்று, சோம்பல். தனிமையில் பெறும் அமைதிக்கு இச்சோம்பலாக மாறிவிடும் இயல்பு உண்டு என்பதை மறத்தலாகாது.

விலகியவரும் மீண்டவரும்

அவ்வாறெனின் நல்ல தனிமையைத் தீய தனிமையினின்று பிரித்தறிவது எங்ஙனம்? சென்றவர் எத்தகையவராக மீண்டார் என்பதே அளவுகோல்.

இரவீந்திரநாத தாகூர் 1890களில் தம் குடும்பத்து நிலங்களைக் கண்காணிக்கும் பொறுப்பேற்று, இன்று வங்காள தேசத்தில் உள்ள சிலைதா என்னும் ஊரைச் சார்ந்து, பத்மா ஆற்றில் படகுவீட்டில் நெடுநாள் வாழ்ந்தார். அவ்வாற்றின் பெயரையே அப்படகும் தாங்கியிருந்தது. அந்நாளில் தம் அண்ணன் மகளுக்கு அவர் எழுதிய மடல்கள் நீரையும் வானையும் தனிமையையும் வரைந்து காட்டுகின்றன. நகரத்துச் செல்வக் குடியில் பிறந்த அவர் உழவர் வாழ்வை அண்மையில் கண்டதும் அங்கேதான். அவருடைய சிறந்த சிறுகதைகள் பல அங்கே பிறந்தன. பின்னர் 1922இல் சாந்திநிகேதனுக்கு அருகே கிராமச் சீரமைப்புக்காக அவர் தோற்றுவித்த ஸ்ரீநிகேதனுக்கும் வேர் அப்படகில்தான் இருந்தது எனலாம். ஆற்றின் தனிமை அவரை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. மக்களைக் காணும் தொலைவில் கொண்டுபோய் நிறுத்தியது.

அமெரிக்க அறிஞர் தோரோவும் அத்தகையவரே. 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை வால்டன் ஏரிக்கரையில் தாமே கட்டிய குடிலில் தனித்து வாழ்ந்தார். மாலை வேளைகளில் ஓடத்தில் அமர்ந்து புல்லாங்குழல் ஊதினார். 'தாயார் வீடு நடந்து செல்லும் தொலைவில் இருந்தது, அங்கே அடிக்கடி சென்று வந்தார், இதுவா துறவு?' என்று அவரை எள்ளுவோர் உண்டு. ஆனால் அதுவே அவர் தனிமையின் உண்மைத்தன்மைக்குச் சான்று. அவர் உலகை வெறுத்து ஓடவில்லை. அக்குடிலில் வாழ்ந்த காலத்திலேயே, 1846இல், அடிமை முறைக்கும் போருக்கும் துணைநின்ற அரசுக்கு வரி செலுத்த மறுத்து ஓரிரவு சிறையில் இருந்தார். அந்நிகழ்ச்சியை ஒட்டி அவர் எழுதி 1849இல் வெளிவந்த கட்டுரை பின்னாளில் காந்தியடிகளுக்கும் ஊக்கமூட்டியது. ஏரியில் தனித்து மிதந்தவரின் எண்ணம் கடல் கடந்து ஒரு நாட்டின் விடுதலைக்கு உரமாயிற்று.

இவர்களைப் போல ஏடெழுதாதவர்களும் அவ்வளவுகோலுக்கு நிற்பர். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாம் மேலே கண்ட அமைதியான பம்பை, செங்கன்னூரையும் குட்டநாட்டையும் மூழ்கடித்தது. அப்போது கடற்கரை ஊர்களின் மீனவர்கள் எவர் அழைப்புக்கும் காத்திராமல் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிக் கொண்டுவந்து, கூரைமேல் நின்றவர்களையும் மாடியில் சிக்கியவர்களையும் ஆயிரக்கணக்கில் மீட்டனர். மலப்புறம் மாவட்டத்தில் படகின் விளிம்பு உயரமாக இருந்ததால் ஏற இயலாது தவித்த பெண்களுக்கு, ஒரு மீனவர் தண்ணீரில் கையூன்றிக் குனிந்து தம் முதுகையே படியாக்கினார். கடலில் தனித்தும் சிறு குழுவாகவும் நீரோடு பழகிப் பெற்ற திறம் அன்று ஊருக்கு உயிர் தந்தது. தனிமையில் ஈட்டியதைக் கூட்டத்திற்குச் செலவிடுதல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

தனித்திருத்தலும் தனித்துவிடப்படுதலும்

இதுவரை விரும்பி ஏற்ற தனிமையைக் கண்டோம். மற்றொரு தனிமையும் உண்டு. அதுவே பிறந்த மண்ணைப் பிரிந்து பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு மிக அண்மையில் உள்ளது.

தமிழில் தனிமை என்னும் ஒரு சொல் இரண்டையும் குறிக்கிறது. ஏகாந்தம் என்று வடசொல்லால் சுட்டும்போது அது இனிக்கிறது. தனிமை என்றாலோ பெரும்பாலும் கசக்கிறது. புலம்பு என்னும் பழஞ்சொல்லுக்குத் தொல்காப்பியர் தனிமை என்றே பொருள் கூறுகிறார். அச்சொல்தான் நாளடைவில் வாய்விட்டு வருந்துவதைக் குறிக்கும் சொல்லாயிற்று. தனித்து விடப்பட்டவரின் இயல்பான மொழி புலம்பல் என்பதை நம் மொழியே அறிந்து வைத்திருக்கிறது போலும்!

ஊரில் நிலத்தையும் திண்ணையையும் விட்டுவிட்டு மகனோடு வாழ மும்பைக்கோ தில்லிக்கோ வந்துசேரும் முதியவரை எண்ணிப் பாருங்கள். எட்டாம் மாடி வீட்டில் மகனும் மருமகளும் பணிக்கும் பேரக்குழந்தைகள் பள்ளிக்கும் சென்றபின், மொழி தெரியாத காவலாளியிடம் அவர் என்ன பேசுவார்? பக்கத்து வீட்டாரின் பெயரும் தெரியாது. சுற்றிலும் இலட்சக்கணக்கான மக்கள். அவரோ துடுப்பில்லாத ஓடத்தில் இருத்தப்பட்டவர். அவ்வீட்டிலேயே, எல்லோருக்கும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் உறங்கும் பெண்மணி ஒருத்தி உண்டு. அவளுக்கு நேர்ந்த குறை இதற்கு நேர் எதிரானது. தனித்திருக்க ஒரு நாழிகையும் அவளுக்கு வாய்ப்பதில்லை. அவளுடைய ஒவ்வொரு வீச்சும் பிறர் ஓடத்தைத் தள்ளுவதற்கே செலவாகிறது. ஒரே கூரையின்கீழ் ஒருவருக்குத் தனிமை மிகுதி. மற்றொருவருக்குத் தனிமை அறவே இன்மை. இரண்டுக்கும் இடையே, காலை நடைக்கும் கடற்கரைக்கும் நூலகத்திற்கும் தனியே சென்றுவந்து, 'சிறிது நேரம் எனக்கென்று வேண்டாமா?' என்று கேட்பவர் ஒருவர் இருக்கக்கூடும்.

வேண்டும் என்பதே விடை. மேலே கூறியவாறு, தன் சாய்வைத் தானே அறியவும் தன் திசையைத் தானே தேரவும் அந்நேரம் மனிதனுக்கு இன்றியமையாதது. ஆனால் அவ்விடையோடு வேறு இரண்டு கடமைகள் பிணைந்துள்ளன. அமைதியின் சுவையை அறிந்தவர், அதை அறியும் வாய்ப்பே இல்லாதவருக்கு அவ்வாய்ப்பை அமைத்துக் கொடுத்தல் வேண்டும். ஒரு காலை அவர் சென்றால் மறு காலை அடுப்பையும் குழந்தைகளையும் அவர் ஏற்றுக்கொண்டு, இல்லாளை அவள் விரும்பும் தனிமைக்கு அனுப்புதல் வேண்டும். அவ்வாறே, தனிமை திணிக்கப்பட்டவருக்குத் தம் துணையைத் தருதல் வேண்டும். ஒரு நாழிகை தனித்திருந்து திரும்பியவர் மறு நாழிகை தந்தையின் அருகே அமர்ந்து ஊர்க்கதை கேட்பாராயின், அவர் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தந்தவராவார். தனிமை பொதுச்சொத்து, சிலரிடம் குவிந்து சிலரிடம் இல்லாதொழிதல் அதற்கும் அநீதியே.

நாம் பிற மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்கள் அமைத்ததன் உட்பொருளும் இதுவன்றோ? விழா எடுப்பதும் மலர் வெளியிடுவதும் நல்லனவே. எனினும், மொழிகேளா நகரில் தனித்துவிடப்பட்டவர் கதவைத் தட்டித் தமிழில் நலம் உசாவுவதே அதன் முதற்பணி. மேடையில் பேச அழைக்கும் அழைப்பைவிட, 'நாளை மாலை வருகிறேன். பேசிக்கொண்டிருக்கலாம்' என்னும் சொல் அவருக்குப் பெரிது.

கரையில் இருப்பவர்

தனியே ஓடம் செலுத்துவோர் எந்நாட்டிலும் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. புறப்படுமுன், எவ்வழியே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுதல் வேண்டும். மிதவை உடுப்பு அணிவதும் நீந்தக் கற்பதும் எவ்வளவு இன்றியமையாதனவோ அவ்வளவு இன்றியமையாதது இது. காப்புக்காக வகுத்த விதியாயினும் அதனுள் அறமும் உறைகிறது. எவ்வளவு தனித்துச் சென்றாலும் நம் தனிமையின் மறுநுனி கரையில் ஒருவர் கையில் இருக்கிறது. அவர் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். குறித்த பொழுது தவறினால் தேடி வருவார். அவர் இருப்பதால்தான் நாம் அச்சமின்றித் தனித்திருக்க முடிகிறது. நம் பழம்புலவர்கள் நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தபோது, கடல்மேல் சென்றவனைவிடக் கரையில் காத்திருந்தவளின் நெஞ்சையே மிகுதியும் பாடினர். செலவைவிடக் காத்திருப்பு கடினம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆகவே, தனித்திருக்கும் நேரம் நமக்கே உரியதா என்னும் வினாவுக்கு நாம் காணும் விடை இதுதான். அது நமக்கு உரியது. ஆனால் நாமே ஈட்டியது அன்று. கரையில் இருப்பவர் நமக்குத் தந்தது. தந்தவருக்கு நன்றி செலுத்தும் வழி, சொன்ன பொழுதில் திரும்பி வருதலும், வந்தபின் துடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு அவர் மீளும்வரை நாம் கரையில் காத்திருத்தலும் ஆகும்.